நாற்பது அடி தள்ளி வரைந்த தெரு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, பெரியம்மா மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த இருமல் விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊர்க்கதையெல்லாம் எழுதிவிட்டு அதை மட்டும் சொல்லாமலே கையெழுத்துப் போட்டுவிடுவேன், என்னை உனக்குத் தெரியும். நான் சொல்லாதது இதுதான்: நம் தெருக் கோடியில் இருக்கும் அந்தச் சுவர் தெருவின் குறுக்கே நிற்கிறது, அந்தத் தெருவை வரைந்தவள் நான், அதைத் தப்பான இடத்தில் வரைந்தவளும் நான். எழுந்து நின்று சொல்லியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்காது. சொல்லவில்லை. இதைப் போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். போனை எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரில் போடு என்கிறார், நீயும் "சுருக்கமா சொல்லும்மா, நடந்துக்கிட்டே பேசறேன்" என்கிறாய், இது சுருக்கமாகச் சொல்லக்கூடியதாக இல்லை, அப்பா கேட்கும்படி சொல்ல எனக்கு இன்னும் தைரியமும் வரவில்லை. பதின்மூன்று வருஷமாக அவரிடமும் சொல்லாத விஷயம் இது.

கூட்டம் எதற்கு என்பதிலிருந்து தொடங்குகிறேன். நம் நான்காம் தெருக் கோடியில் தண்ணீர் லாரி பின்னால் வந்து இடித்து ஒரு ஆள் அகலத்துக்குச் சுவர் விழுந்ததே, நீ அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய், ஞாபகம் இருக்கும். இன்றுவரை அதை யாரும் கட்டவில்லை. முதலில் நாய் போனது, பிறகு பின்பக்க லேஅவுட்டிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் வந்தார்கள், பிறகு நம் லேஅவுட் வாசல் பக்கத்து நிறுத்தத்தில் பஸ் பிடிக்க ஆஸ்பத்திரி ஆயாக்கள், தையல் கம்பெனிப் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லோரும் வர ஆரம்பித்தார்கள். அங்கிருந்து அவர்களுக்கு வெளியே போக ஒரே வழி பைபாஸ் ரோடு, நமக்கு வெளியே போக ஒரே வழி வடக்கு வாசல். சுவரில் அந்த ஓட்டை இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவில் நாலே முக்கால் கிலோமீட்டர், மேம்பாலத்துக்கு அடியில் போய்த் திரும்பி வர வேண்டும். நடந்துபோகிறவர்கள் இருந்தவரை யாருக்கும் கவலை இல்லை. போன மாதம் ஓர் இளைஞன் சாப்பாடு டெலிவரி பைக்கை அந்த ஓட்டை வழியாக விட்டுக்கொண்டு வேகமாக வந்து, பல் டாக்டர் வீட்டுச் சின்னப் பெண்ணை இடித்துவிட்டான். ஆறு வயசு, கை முறிந்துவிட்டது. அந்தக் கட்டோடுதான் குழந்தை கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, கட்டின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் மீன் வரைந்துகொண்டிருந்தது.

நம் செயலாளரை எல்லோரும் மைக் என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும்தானே, முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் கொட்டகைக்கு மைக் கொண்டுவந்து, உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து "உட்காருங்க, உட்காருங்க" என்று ஆரம்பித்தார். சுவரை முழுசாகக் கட்டி மேலே கம்பி போட்டுவிடலாம் என்பது தீர்மானம். மாடி வீட்டு அக்கா எழுந்து, "நாளைக்கு எங்க வீட்டு வேலைக்காரம்மா வரலன்னா பாத்திரம் யாரு தேய்க்கிறது, நீங்க வருவீங்களா" என்று கேட்டார். மைக் யோசிக்காமல், "நான் வர்றேன், எங்க வீட்டம்மாகிட்ட லீவு மட்டும் நீங்க வாங்கிக் குடுங்க" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், கட்டுப் போட்ட குழந்தையும் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் பல் டாக்டர் மைக் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, "வேலைக்காரங்க வரட்டும், யாரு வேணும்னாலும் நடந்து வரட்டும், நடக்கிறவங்களுக்கு ஒரு வழி, பைக்குக்கு ஒரு வழின்னு எந்தச் சுவராவது பார்த்து விடுமா சொல்லுங்க" என்றாள். கை தூக்கச் சொன்னார்கள். அடைக்கலாம் என்று இருபத்திரண்டு கை, வேண்டாம் என்று ஆறு. அப்பா வேண்டாம் என்று தூக்கினார், பக்கத்தில் நான் எதற்கும் தூக்கவில்லை, அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில் "உங்க அக்காவுக்காகவாவது தூக்கியிருக்கலாமே" என்றார். "தலைவலிங்க" என்றேன். அது பொய்.

பெரியம்மா விஷயத்தை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை, உன் முதல் வேலை, முதல் மாதங்கள், அதில் இதையும் ஏன் ஏற்றுவது என்று இருந்துவிட்டேன். அச்சகத்தில் இருபத்தேழு வருஷம் பிழை திருத்திய கண், இப்போது ஓரங்களில் இருட்டு வந்துவிட்டது. கண் அழுத்தம், போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாய்க்குள்ளிருந்து பார்ப்பதுபோல நேராக மட்டும் தெரிகிறதாம், பக்கத்திலிருந்து வருவது வந்து இடித்த பிறகுதான் தெரிகிறதாம். ஸ்கூட்டரை விற்றாயிற்று. பின்பக்க லேஅவுட்டில் அவள் வீடு வாங்கியதே என் பேச்சைக் கேட்டுத்தான், "பிளான்ல பாருக்கா, எங்க வீட்டுக்குப் பின்னாடி மாதிரிதான்" என்று நான்தான் சொன்னேன், குடி வந்த அன்று அவள் சாமான் ஏற்றிய வண்டி நாலே முக்கால் கிலோமீட்டர் சுற்றி வந்து நின்றபோது, "என்னடி இது, பின்னாடி வீடுன்னு சொன்னே, அடுத்த ஊருன்னு சொல்லவே இல்லையே" என்று கேட்டாள், அன்று எல்லோரும் சிரித்தோம். சுவர் விழுந்த பிறகுதான் அவளுக்கு விடிந்தது. அவள் வாசலிலிருந்து நம் வாசலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி எடுத்து வைக்கிறாள், எண்ணிக்கொண்டே வருகிறாள், எண்ணுவதற்குக் கண் வேண்டாம் என்கிறாள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவாள், நான் நூலகத்துப் புத்தகத்தை ஒரு மணி நேரம் படித்துக் காட்டுவேன், நடுவில் "கமாவை முழுங்காதே, அந்த ஆள் கஷ்டப்பட்டு வச்சிருக்கார்" என்று அதட்டுவாள். அதுதான் அவளுக்கு நாள், உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான்.

அடைக்கும் பேச்சு கிளம்பியதுமே மைக் முன்னோட்டமாக ஒரே ஒரு நாள் அந்த ஓட்டையில் ஒரு லோடு கல்லைக் கொட்டி வைத்தார். பெரியம்மா அன்று ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். டிரைவருக்கு நம் லேஅவுட் தெரியவில்லை, பக்கத்தில் புதிதாக முளைத்திருக்கும் இன்னொன்றுக்குள் கொண்டுபோய் நான்காம் தெரு என்று இறக்கிவிட்டுப் போய்விட்டார், எல்லா லேஅவுட்டிலும் ஒரு நான்காம் தெரு இருக்கிறது, எல்லா நான்காம் தெருவும் ஒரு சுவரில்தான் முடிகிறது. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து போன் பண்ணினாள். நான் போய்ச் சேர நாற்பது நிமிடம், அவள் அழவில்லை, "மூணு தெருவுக்குள்ள போய்ட்டு வந்தேன், மூணும் திரும்பி வந்த வழியே வந்துச்சு, இதென்ன ஊரா, கையை விட்டா மாட்டிக்கிற ஜாடியா" என்றாள். அதற்கு அடுத்த வாரம் ஒரு விண்ணப்பத்தை நீட்டி என்னைப் படிக்கச் சொன்னாள். நகரத்தின் அந்தக் கோடியில் பார்வை குறைந்த பெண்களுக்கென்று ஒரு இல்லம் இருக்கிறது, சுத்தமான இடம்தான், இரண்டு பேருக்கு ஒரு அறை. "அடைச்சுட்டாங்கன்னா நான் அங்க போயிடறேன்டி, நீ ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்து பார், உன்னை நான் கட்டி வச்சுக்க முடியாது, நானும் பைபாஸ்ல லாரிக்கு அடியில போக முடியாது" என்றாள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். கையெழுத்துப் போட இடம் எங்கே என்று விரலால் தடவிப் பார்த்து வைத்திருக்கிறாள். இதுதான் நிலைமை, ஓட்டை மூடினால் பெரியம்மா போய்விடுவாள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயசு, உனக்கு ஏழு, சர்வேயர் ஆபீசில் பிளான் வரையும் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் முதலாளிக்கு ஸ்கேல் என்று பெயர், சட்டைப் பையில் எப்போதும் ஒன்று இருக்கும், சாப்பிடும்போது அதைத் தட்டுக்குப் பக்கத்தில் நேராக வைப்பார். இந்த நிலம் அப்போது வெறும் பொட்டல். அளக்கப் போன அன்று நான் குடையைப் பிடித்துக்கொண்டு எல்லைக் கல் ஓரமாக நடந்தபோது, அடுத்த நிலத்திலிருந்து ஒரு வண்டித் தடம் வந்து நம் எல்லையில் முட்டுவதைப் பார்த்தேன், நன்றாக மிதிபட்ட தடம், சைக்கிள்காரர் ஒருவர் அதன் வழியாக வந்து நம் நிலத்தில் குறுக்காக ஏறிப் போனார். ஆபீசுக்கு வந்து வரைந்தபோது நான்காம் தெரு அந்தத் தடத்துக்கு நேராக வரவில்லை, நாற்பது அடி தள்ளி வந்தது. எல்லைவரை ஒரு தெருவையாவது கொண்டுபோய் நிறுத்த வேண்டும், பின்னால் பக்கத்து நிலத்தில் வீடு வந்தால் இணைத்துக்கொள்ளட்டும் என்பது விதி. விதிப்படி எல்லைவரை போனது, அது எங்கே போய் முட்டுகிறது என்று விதி கேட்கவில்லை. ஸ்கேலிடம் தடத்தைப் பற்றிச் சொன்னேன். தெருவைத் தள்ளினால் ஒரு மனை குறையும் என்றார். "கோட்டுக்கு அந்தப்பக்கம் என்ன எழுதுவோம்?" என்று கேட்டார், "பிறர் நிலம்" என்றேன், "அப்ப அங்க எதுக்கும்மா பார்க்கறே" என்றார். எல்லா ஆபீசிலும் அப்படித்தான், எல்லைக் கோட்டுக்கு உள்ளே ஒவ்வொரு மரத்தையும் குறிப்போம், வெளியே காகிதத்தை வெள்ளையாக விட்டு அந்த இரண்டு வார்த்தையை எழுதுவோம், ரொம்பச் சுத்தமாக இருக்கும் பார்க்க. நான் தடத்தை வரையவில்லை. ஐந்து வருஷம் கழித்து அந்தப்பக்க நிலத்துக்கு வேறு யாரோ பிளான் வரைந்தார்கள், அந்தத் தடத்தையே அவர்கள் முதல் தெருவாக வைத்துக்கொண்டார்கள், அவர்கள் காகிதத்தில் நம் பக்கம் வெள்ளையாக இருந்திருக்கும், "பிறர் நிலம்" என்று எழுதியிருப்பார்கள். இரண்டு பேருமே எழுத்துப் பிழை இல்லாமல் வேலை செய்திருக்கிறோம்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. குறையாமல் மிச்சமான அந்த ஒரு மனை எது தெரியுமா. முப்பத்தேழு. ஆபீஸ் ஆள் என்று சலுகையில் நமக்குக் கிடைத்த மனை. தெரு போயிருக்க வேண்டிய இடத்தில்தான் நம் வீடு நிற்கிறது குட்டிம்மா. உன் அறை ஜன்னலைத் திறந்தால் நம் பக்கச் சுவர் தெரியுமே, அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம்தான் அவர்களுடைய முதல் தெரு வந்து முட்டுகிறது, பெரியம்மா இருப்பது அதே தெருவில், எட்டாவது வீடு. பந்து வந்து சுவரில் மோதும் சத்தம் கேட்டால் நீ படிக்க முடியவில்லை என்று கத்துவாயே, அது ஒரு தெரு போக வழியில்லாமல் முட்டும் சத்தம் என்று எனக்கு அப்போதே தெரியும், தெரிந்துகொண்டு உனக்குக் காதில் பஞ்சு வைத்துவிட்டிருக்கிறேன்.

இது என் ஒருத்தியின் தப்பா என்றும் யோசித்துப் பார்க்கிறேன், தப்பித்துக்கொள்ள அல்ல, உண்மையாகவே எனக்குப் புரியவில்லை. நூலகத்தில் ஊர்கள் எப்படி வளர்கின்றன என்பது பற்றிய புத்தகங்களாக எடுத்துவந்து படித்தேன். தெருக்கள் சந்திக்கிற ஒவ்வொரு முனையிலும் எத்தனை வழி பிரிகிறது என்று எண்ணுவார்களாம், நாலு வழி நிறைய இருந்தால் ஊர் நன்றாகப் பின்னியிருக்கிறது, மூன்றும் ஒன்றுமாக இருந்தால் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். ஆபீஸ் வரைபடத்தை விரித்து நானே எண்ணினேன். நாம் முன்பு வாடகைக்கு இருந்த பழைய பகுதியில் அறுபது முனை எண்ணினேன், முட்டுத்தெரு நாலுதான். பைபாஸுக்கு வெளியே அதே அளவு இடத்தில் முட்டுத்தெரு முப்பத்தொன்று. ஊர் பெரிதாகப் பெரிதாகப் பக்கத்து வீடு தூரமாகிக்கொண்டே போகிறது. வீட்டை இடித்துக் கட்டலாம், கடை மாறும், ஆள் மாறுவார்கள், தெருவை ஒரு முறை போட்டால் நூறு இருநூறு வருஷத்துக்கு அப்படியேதான் கிடக்கும் என்று படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நீ எழுதியிருந்தாய், உன் அறையிலிருந்து ஆஸ்பத்திரி லேபுக்குப் போக ஏழு வழி இருக்கிறது, மனசுக்குத் தகுந்தமாதிரி ஒரு வழியில் போகிறேன் என்று. அதை மூன்று தடவை படித்தேன். நீ பத்து வயசில் கடைக்குப் போகக்கூட அப்பா பைக்கில் கூட்டிப்போக வேண்டியிருந்தது, நான் வரைந்த ஊரில் உனக்கு ஒரே வழிதான் இருந்தது.

ஆனால் எதிர்ப்பக்கத்தையும் நினைத்துப் பார். நாம் இங்கே ஏன் வந்தோம், வண்டி வராது, அமைதியாக இருக்கும், நீ தெருவிலேயே சைக்கிள் ஓட்டலாம் என்றுதானே வந்தோம், நீயும் ஓட்டினாய். அந்தக் கோடிச் சுவர் எந்தச் சொத்தின் எல்லையும் இல்லை, பொதுத் தெருவின் குறுக்கே கட்டியது என்று நான் எழுதிக் கொடுத்தால் நகராட்சி வந்து இடித்துவிடும், அத்தோடு விடமாட்டார்கள், அந்தப்பக்கம் பூங்காவுக்கென்று விட்ட இடத்தை வெட்டி ரோடாக்குவார்கள், பைபாஸில் நெரிசல் என்றால் லாரிகூட நம் தெருவுக்குள் வரும். அப்போது பல் டாக்டர் வீட்டுக் குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்வது. சொல்லாமல் இருந்தால் பெரியம்மாவுக்கும், காலை ஆறு மணிக்குத் தலையில் ஈரம் காயாமல் பஸ்ஸுக்கு ஓடும் அந்தப் பெண்களுக்கும் என்ன பதில். திறந்தாலும் ஒருவருக்கு அடிபடுகிறது, மூடினாலும் ஒருவருக்கு அடிபடுகிறது, நடுவில் நான் கோடு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நாளாக எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நேற்று ஆபீசில் ஒரு புது நிலத்துக்குப் பிளான் வந்தது, எல்லையை வரைந்து முடித்து, வெளியே அந்த இரண்டு வார்த்தையை எழுதப் போன கை அப்படியே நின்றுவிட்டது. ஸ்கேலிடம் போய் பக்கத்து நிலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். அவருக்கு இப்போது வயதாகிவிட்டது, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார், "அக்கா வீடு பின்னாடிதானேம்மா, அந்த நாற்பது அடிதானே" என்றார். அவருக்கு நினைவிருக்கிறது. இத்தனை வருஷமும் அவருக்கும் நினைவிருந்திருக்கிறது.

இன்னொரு யோசனையும் வருகிறது, அதை எழுதவே தயக்கமாக இருக்கிறது. நம் பக்கச் சுவரிலேயே ஒரு சின்னக் கதவு வைத்தால் என்ன. பெரியம்மா அவள் தெருவில் நேராக நடந்து வந்து, வீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் நம் சந்துக்குள் நுழைந்து, முன்வாசலுக்கு வந்துவிடுவாள். ஆனால் அந்தச் சந்தில்தான் என் நாற்காலி இருக்கிறது, யாரும் பார்க்காமல் நான் படிக்கும் ஒரே இடம், துணி காய்வதும் அங்கேதான், உன் ஜன்னலும் அங்கேதான். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும், அழைப்புமணி அடித்தால் முதலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள். பெரியம்மாவுக்கு மட்டும் என்று ஒரு சாவி கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன், நினைத்த அடுத்த நொடி, அவள் பின்னால் அந்த ஆயா வந்து நின்றால் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்த என்னால் முடியுமா என்றும் தோன்றுகிறது. அது கதவா தெருவா என்று எனக்கே தெரியவில்லை. அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டுமென்றால் முப்பத்தேழின் கதையைச் சொல்ல வேண்டும், ஆசை ஆசையாக அவர் கையாலேயே பெயின்ட் அடித்த வீடு. தினமும் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வருகிறவர், "என் லிஃப்ட் மேலயும் கீழயும் போகுது, இந்த ஊர்ல பக்கத்துல போறதுக்குத்தான் வழி இல்ல" என்று அவரே வேடிக்கையாகச் சொல்வார், நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். உன்னைக் கேட்டு முடிவெடுக்க இதை எழுதவில்லை, உனக்கு இருபதுதான் ஆகிறது, இதையெல்லாம் உன் தலையில் வைக்கக்கூடாது. யாரிடமாவது ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் எனக்குத் தெளியும் என்று நினைத்தேன், எழுதி முடிக்கும்போது ஆரம்பித்த இடத்தைவிடக் குழப்பமாகத்தான் இருக்கிறது.

மற்றபடி, புது ஷூ கடிக்கிறது என்றாயே, இரண்டு நாள் வீட்டுக்குள் போட்டு நடந்துவிட்டு வெளியே போடு. அறைத் தோழி உன் டப்பாவை எடுத்துச் சாப்பிடுகிறாள் என்று புகார் எழுதியிருந்தாய், இரண்டு டப்பா வை, பெயர் எழுதாதே, எழுதினால் சண்டை வரும். ஏழு வழியில் விளக்கு இல்லாத வழி எது என்று பார்த்து, வேலை முடிந்து வரும்போது மட்டும் அதை விட்டுவிடு. பெரியம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், நீ எழுதும் கடிதத்தில் ஒரே வாக்கியத்தை ஏழு மைல் நீட்டுகிறாயாம், அம்மாவைப் போலவே என்கிறாள்.

நீ கால் வைக்கும் இடமெல்லாம் உனக்கு வழி விடட்டும், நோய் நொடி அண்டாமல், சிரித்த முகத்தோடு நெடுநாள் இரு. ஒன்றே ஒன்று மறக்காதே, கண் அழுத்தம் குடும்பத்தில் வருமாம், சிறு வயசிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் அழுத்திச் சொன்னார். நீ வேலை செய்வதே ஆஸ்பத்திரியில், இரண்டு மாடி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. நானும் பார்த்துக்கொள்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

பி.கு. உறையை ஒட்டாமல் பத்து நாளாக வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சுவரைக் கட்டி முடித்துக் கம்பியும் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தடம், நாற்பது அடி, முப்பத்தேழு எல்லாம். இவ்வளவு வருஷம் இதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினாய் என்று கேட்டார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, "சரி, எங்க உடைக்கணும்னு கோடு போட்டுக் குடு" என்றார். சாக்கட்டியால் சுவரில் போட்டுக் கொடுத்தேன், இரண்டடி அகலம், கீழே ஒரு படி, பைக் ஏறாத அளவுக்கு. ஞாயிறும் திங்களும் உடைத்துக் கதவு மாட்டினார். பெரியம்மாவுக்கு இப்போது நூற்று அறுபத்தெட்டு அடி. விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்துக் கிழிக்கச் சொன்னாள், கிழித்துவிட்டேன். பல் டாக்டர் வந்து அந்தப் படியை இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுப் போனாள். சங்கத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது, அதற்கு நாளைக்கு நான் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும், தெருவை வரைந்தது யார் என்பதையும் அதில் எழுதப் போகிறேன். இன்று காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் நம் சந்து வழியாகப் பதினேழு பேர் பஸ்ஸுக்குப் போனார்கள். அவர்களில் பதினைந்து பேரை எனக்குத் தெரியாது.